இரண்டு பேர் படித்த வகுப்பு

சீனியம்மாள் நடத்திய பள்ளிக்கூடத்தில் மொத்தம் இரண்டே பிள்ளைகள். ஒருவன் கட்டிலில் சாய்ந்தபடி படிப்பான். இன்னொருத்தி அவன் கால்மாட்டில் உட்கார்ந்து படிப்பாள். இரண்டும் அவள் பெற்றவை.

காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழைய செங்கல் சூளைகள் இருந்த பக்கம் திரும்பினால் ஒரு காம்பவுண்டு வரும். எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரு அடிகுழாய். கடைசி வீடு சீனியம்மாளுடையது. சமைக்கப் பாதி, இருக்கப் பாதி. இருக்கிற பாதியில், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், கரியையும் ஊமத்தை இலையையும் சேர்த்து அரைத்துப் பூசி, கரும்பலகை ஒன்றை அவளே செய்திருந்தாள். வாடகை வாங்க வீட்டுக்காரர் வரும் நாளில் அதன்மேல் ஒரு சேலையைத் தொங்கவிட்டுவிடுவாள்.

அவள் எட்டாவது வரை படித்தவள். ஊர்ப் பெண்களில் அது பெரிய படிப்பு. புருசன் விருமாண்டி லாரி ஓட்டினான். லைனுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அதனால் காலையில் பழையதைக் குடித்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தால், வகுப்பு தொடங்கிவிடும்.

"அட்டெண்டன்ஸ். சோணைமுத்து."

"உள்ளேன் டீச்சர்."

"ஒச்சம்மா."

"அவ வரல டீச்சர். அவளுக்கு வயித்தால போகுது" என்பான் சோணைமுத்து.

ஒச்சம்மா அவன் காலைக் கிள்ளுவாள். "வந்துட்டேன் டீச்சர். இவனைப் பெஞ்சு மேல ஏத்துங்க டீச்சர்."

"சும்மா இருக்கீகளா ரெண்டு பேரும்? டீச்சர் உலை வச்சுட்டு வாரேன். அதுக்குள்ள பாடத்தை எடுத்து வைங்க."

சோணைமுத்துவுக்குப் பத்து வயது. ஒச்சம்மாவுக்கு எட்டு. அவன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, முழங்கால் வீங்கியது. முழங்கால் வற்றியது, மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்றார். ஓடக் கூடாது, படியேறக் கூடாது, அழவிடக் கூடாது. மாதா மாதம் ஊசி. "இன்னுங் கொஞ்சம் வளரட்டும்மா. மெட்ராசுக்கு எழுதித் தாரேன். ஆபரேசன் பண்ணலாம்."

பள்ளிக்கூடம் நின்றது. மகன் படுத்தபடி கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சீனியம்மாள் சுவரில் கரியைப் பூசினாள். அப்போது ஒச்சம்மா சின்னவள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கோவை இலையால் சிலேட்டைத் துடைத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. துடைத்துக் கொடுத்தவள் அப்படியே படிக்கவும் ஆரம்பித்தாள்.

சோணைமுத்துவால் ஒரு பத்தியை ஒரே மூச்சில் படிக்க முடியாது. இரண்டு வரிக்குள் நெஞ்சு ஏறி இறங்கும். அதற்கு சீனியம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு வரி அவன் படிக்க வேண்டும், அடுத்த வரி ஒச்சம்மா படிக்க வேண்டும். அவள் படிக்கும் நேரத்தில் அவன் மூச்சு விட்டுக்கொள்வான். வாய்ப்பாட்டிலும் அப்படித்தான். "ஏழு ரெண்டு?" என்று அவன் கேட்பான், "பதினாலு" என்று அவள் சொல்வாள். கூட்டல் கணக்கில் ஒன்றுகளின் பக்கம் அவளுக்கு, பத்துகளின் பக்கம் அவனுக்கு. ஒச்சம்மா தன் பக்கத்தைப் போட்டுவிட்டு, "கையில ஒன்னு" என்று ஒரு புளியமுத்தை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைப்பாள். அவன் அதைச் சேர்த்துக் கூட்டி விடையை முடிப்பான். விடை சரியாக வந்தால் இருவரும் சேர்ந்து கைதட்டுவார்கள்.

அடுப்படியில் இருந்து கேட்டால் ஒரே பிள்ளை தங்குதடையில்லாமல் படிப்பது போலிருக்கும். சீனியம்மாளுக்கு அதில் ஒரு பெருமை.

முந்தின வருடம் ஒச்சம்மாவைப் பள்ளியில் சேர்க்கத்தான் செய்தாள். மாநகராட்சிப் பள்ளி, கூப்பிடு தூரம். முதல் நாள் சோணைமுத்து சோற்றைத் தொடவில்லை. காம்பவுண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் அப்படியே. சாயங்காலம் உதடு நீலம் பாரித்துவிட்டது. மூன்றாம் நாள் சீனியம்மாள் மகளை நிறுத்திவிட்டாள்.

"அண்ணனுக்கு ஆபரேசன் ஆகட்டும். ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

ஒச்சம்மா தலையாட்டினாள். எடுத்து வைத்த பையை ஆணியில் மாட்டினாள்.

சீனியம்மாள் மகளை நிறுத்தியது மகனுக்காக மட்டும்தானா என்றால், இல்லை. நோயாளிப் பிள்ளையும் தானுமாக மட்டும் அந்த வீட்டில் பகல் முழுக்க இருப்பதை நினைக்கவே சீனியம்மாளுக்குப் பயமாக இருந்தது. ஒச்சம்மா இருந்தால் சண்டை இருந்தது, சிரிப்பு இருந்தது. வீடு வீடாக இருந்தது.

மாசி முடிவில் அவளுடைய அண்ணன் நல்லகாமன் செல்லம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மூட்டை நிலக்கடலையோடு வந்தார்.

"என்ன டீச்சரம்மா, இன்ஸ்பெக்சன் வந்திருக்கேன். நாற்காலி போடச் சொல்லு" என்றபடி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மருமகப்புள்ளைக ரெண்டும் ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாப்போம்."

இருவரும் சொன்னார்கள். கேள்வி அங்கிருந்து, பதில் இங்கிருந்து. நல்லகாமன் வாயைப் பிளந்தார். அவருக்கு மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு மேல் தெரியாது.

"அடேங்கப்பா! கலெக்டரு ஆபீசு தாங்காதுடா மாப்ள!"

ஆனால் கிளம்பும்போது, அடிகுழாயடியில் கால் கழுவிக்கொண்டே தங்கையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சீனி, பொம்பளப்புள்ளைய எம்புட்டு நாளைக்கு இப்பிடி வச்சிருக்கப் போற? அவனுக்கு நோவு. அவளுக்கு என்ன நோவு? நல்லா இருக்கிற புள்ளையையும் கட்டில்ல கட்டிப்போட்டமாதிரில்ல இருக்கு."

"அண்ணே, ரெண்டையும் நாந்தான் பெத்தேன்."

"அதுனாலதான் ஒன்ட்ட சொல்றேன்."

சீனியம்மாள் கடலை மூட்டையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது பள்ளிகளில் சத்துணவு தொடங்கிய மறுவருடம். கோடை விடுமுறையில் டீச்சர்மார் தெருத்தெருவாகப் போய், பள்ளிக்கு வராத பிள்ளைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். வைகாசி வெயிலில் குடையும் கையுமாக ராமக்காள் டீச்சர் காம்பவுண்டுக்குள் வந்தார். ஒடிசலான ஆள். பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும்.

"அக்கா, போன வருசம் ரெண்டு நாள் வந்துட்டு நின்ன புள்ள இதுதான? என்னா சூட்டிகையான புள்ள! ஏன்க்கா நிப்பாட்டுனீங்க?"

"வீட்டுலயே படிக்குது டீச்சர்."

"நல்லது. ஆனா வீட்டுல படிச்சா பேரு எழுத மாட்டாகளே. இப்பமே எட்டு வயசு. இன்னும் ஒரு வருசம் போனா சின்னப்புள்ளைக கூட உக்கார வெக்கப்படும். அப்பறம் வரவே வராது. நான் எம்புட்டுப் புள்ளைகளைப் பாத்திருக்கேன்."

"ஒங்க இஸ்கூல்ல ஊஞ்சல் இருக்கா டீச்சர்?" என்று ஒச்சம்மா நடுவில் கேட்டாள்.

"ஊஞ்சல் இல்ல. வேப்பமரத்துல கயிறு கட்டித் தாரேன், வாரியா?"

ஒச்சம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை சீனியம்மாள் பார்த்தாள். கட்டிலில் இருந்தவனும் பார்த்தான்.

"வெள்ளிக்கெழமை வாரேன்க்கா. பேரை எழுதிக்கிட்டுப் போயிர்றேன்" என்று சொல்லி ராமக்காள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

அன்று மத்தியானப் பாடத்தில் சோணைமுத்து தன் வரியைப் படிக்கவில்லை. ஒச்சம்மா காத்திருந்தாள். மூச்சு வாங்குகிறதோ என்று சீனியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா?"

"அவ போயிட்டா, நான் ஒரு வரி படிச்சதும் அடுத்த வரிய யாரும்மா படிப்பா?"

"நான் படிக்கிறேன்டா."

"நீ ஒலையைப் பாக்கப் போயிருவ."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அழவில்லை. அழக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவனுக்குத் தெரியும். அதுதான் சீனியம்மாளைக் கலக்கியது.

முடியாது என்று டீச்சரிடம் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. விருமாண்டியும் லைனுக்குக் கிளம்பும்போது, "இந்த வருசம் சேத்து விட்ரு" என்று சொல்லியிருந்தான். யோசித்து யோசித்துக் கடைசியில், புதன்கிழமை விடிந்ததும் தெருமுனை மரத்தில் ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினாள்.

வாசலில் வேப்பிலை தொங்கினால் வீட்டில் அம்மை. வெளியாட்கள் படி மிதிக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். வெயில் காலம், சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

எதிர்வீட்டுச் செல்லத்தாய்தான் முதலில் பார்த்தாள். "ஆத்தாடி! யாருக்குத்தா?"

"ஒச்சுக்கு. ரெண்டு முத்துப் போட்டிருக்கு."

செல்லத்தாய் நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, பச்சப்புள்ள. நல்லபடியா எறங்கிக்கோ." கொஞ்ச நேரத்தில் ஒரு இளநீரைக் கொண்டுவந்து படிக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இளநீரைச் சீனியம்மாள் சேலைத் தலைப்பால் மூடி உள்ளே எடுத்துப் போனாள். மாரியின் பெயரில் பொய் சொன்னவள் என்று அவள் குடும்பத்தில் ஒருத்தி கிடையாது. வண்டியூர் மாரியம்மனுக்கு ஒரு மாவிளக்குப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று மனதுக்குள் முடிந்துவைத்தாள். டீச்சர் வந்து போனதும் வேப்பிலையை எடுத்துவிடவும் முடியாது. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வேப்பிலையை எடுத்தால் காம்பவுண்டே கேட்கும். அடுத்த வாரம் வரை தொங்கட்டும் என்று விட்டாள்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒச்சம்மா மஞ்சள் பூசிப் படுத்துக்கொள்வாள். "ஆத்தா வந்திருக்கேன். சோணை, எனக்குக் கடலை உருண்டை வேணும்" என்று குரலை மாற்றி ஆடுவாள். "ஆத்தாளுக்குக் கூழுதான். உருண்டை எனக்கு" என்பான் அவன்.

"வாயைக் கழுவுங்கடா!" என்று சீனியம்மாள் இரண்டு பேர் முதுகிலும் ஒன்று வைத்தாள். அவனை மெதுவாக, அவளைப் பலமாக.

வெள்ளிக்கிழமை ராமக்காள் வந்தார். வேப்பிலையைப் பார்த்தார். குடையை மடக்காமலே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போனார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த சீனியம்மாள் பெருமூச்சு விட்டாள். பின்னால் நின்ற ஒச்சம்மா கேட்டாள்: "டீச்சர் இனிமே வரமாட்டாகளாம்மா?"

சீனியம்மாள் அவள் தலையைத் தடவினாள்.

திங்கட்கிழமை உச்சி வெயில். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சோணைமுத்துவுக்கு மூச்சு முட்டியது. இதற்கு முன்னும் முட்டியதுண்டு. நிமிர்த்தி உட்காரவைத்து முதுகை நீவினால் அடங்கும். அன்று அடங்கவில்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல் சத்தம் கேட்டது. கண்கள் அவளையே பார்த்தன.

அவள் வெளியே ஓடிவந்தாள். "செல்லத்தாயி! யாராச்சும் வாங்க! புள்ளைக்கு மூச்சு வரல!"

கதவுகள் திறந்தன. முகங்கள் தெரிந்தன. படியைத் தாண்டி யாரும் வரவில்லை.

"கிட்ட போகாதீக. ஆத்தா உக்கிரமா இருக்கா" என்றது ஒரு குரல்.

"அம்மை இல்ல! அது அவனுக்கு நெஞ்சு நோவு! அம்மை இல்லக்கா, பொய்யி! நான் பொய்யிதான் சொன்னேன்!"

செல்லத்தாய் அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்பிடிச் சொல்லாதத்தா. ஆத்தாளைப் பொய்யிங்காத. வாயில போடு. வேப்பிலையை அரைச்சுக் குடு, சரியாப் போகும்."

தெருவில் கருப்பு என்கிற ரிக்சாக்காரர் நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தார். சோணைமுத்துவை மாதா மாதம் ஊசிக்கு ஏற்றிப் போகிறவர் அவர்தான். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வந்ததும் எழுந்தார். அவள் வந்த வாசலைப் பார்த்தார். பச்சைக் கொத்து தெரிந்தது.

"தாயி, வையாத. எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சி. அம்மை கண்ட வீட்டுப் புள்ளைய ஏத்துனா..."

"கருப்பண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா இவன் நோவு?"

"தெரியும் தாயி. ஆனா எல தொங்குதே."

அவள் மகனோடு திரும்பி ஓடி, ஒற்றைக் கையால் அந்தக் கொத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். காம்பவுண்டே பதறியது. தண்ணீர் ஊற்றாமல் வேப்பிலையைப் பிடுங்கினவளைப் பார்த்துப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். கருப்பு கும்பிட்டுக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கினார். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் அத்தனை பேரும் அவள் வீட்டு அம்மைக்குப் பயந்தவர்கள். அவள் வீட்டு அம்மையை மதித்தவர்கள்.

பத்து வயதுப் பையனைச் சுமந்துகொண்டு சீனியம்மாள் காளவாசல் முக்கு வரை ஓடினாள். பின்னால் ஒச்சம்மா மஞ்சள் பூசிய முகத்தோடு ஓடினாள். அவளைப் பார்த்தவர்களும் ஒதுங்கினார்கள். கடைசியில் சிமெண்டு மூட்டை ஏற்றிப் போன ஒரு வேன்காரன், வெளியூர்க்காரன், அவள் வாசல் வேப்பிலையைக் கண்டிராதவன், நிறுத்தி ஏற்றிக்கொண்டான்.

பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே தலை தொங்கிவிட்டது.

டாக்டர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "இந்த வால்வுக்கு இது எப்ப வேணாலும் வந்திருக்கும்மா. சீக்கிரம் வந்திருந்தாலும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். சீக்கிரம் என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் தங்கியது.

விருமாண்டிக்கு ஆள் அனுப்பிச் சொல்லி, அவன் லாரியைப் பாதியில் விட்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் மிதிபட்டுக் காய்ந்து கிடந்த வேப்பிலையைப் பார்த்து அப்படியே நின்றான். பழக்கம் அவனை நிறுத்தியது.

"யாருக்குடி அம்மை?"

அவள் சொன்னாள். அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. குழாயடிக்குப் போய் வெகுநேரம் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தான். கருமாதி முடிந்ததும் தூரத்து லைனாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

பள்ளி திறந்த வாரத்தில் ராமக்காள் மறுபடி வந்தார். இம்முறை படியேறி உள்ளே வந்து, கேட்காமலே தரையில் உட்கார்ந்தார். சீனியம்மாள் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். காலிக் கட்டிலின் கால்மாட்டில் ஒச்சம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் ஒன்னு சொல்லணும். அன்னைக்கி அம்மை இல்லைன்னு எனக்குத் தெரியும். கடுகு தாளிச்ச வாசம் தெரு வரைக்கும் வந்துச்சு. அம்மை கண்ட வீட்டுல யாரு தாளிப்பா?"

சீனியம்மாள் தலையைத் தூக்கினாள். "தெரிஞ்சும் ஏன் டீச்சர் போனீக? கதவைத் தட்டியிருக்கக் கூடாதா? நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி ரெண்டு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"அனுப்ப இஷ்டமில்லாத வீடுன்னு விட்டுட்டேன்க்கா. வெயிலு. இன்னும் பாதித் தெரு பாக்கி இருந்துச்சு."

பிறகு ராமக்காள் புத்தகம் ஒன்றை எடுத்து ஒச்சம்மாவிடம் நீட்டினார். எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்க வேண்டும்.

"படி பாப்பம்."

ஒச்சம்மா புத்தகத்தைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குளத்தில் தாமரை பூத்திருந்தது" என்று தெளிவாகப் படித்தாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி கொஞ்ச நேரம். "கொக்கு ஒன்று பறந்து போனது."

ராமக்காள் எட்டிப் பார்த்தார். "முதல் வரிய விட்டுட்டியே? ஊருக்கு வெளியே ஒரு குளம் இருந்தது, அதைப் படி."

"அது அண்ணன் வரி."

"பரவால்ல, நீ படி."

"அது அண்ணன் வரி டீச்சர்."

சீனியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். ராமக்காள் வாய்ப்பாடு கேட்டார். ஏழு, பதினாலு, இருபத்தொன்னு, இருபத்தெட்டு என்று விடைகள் மட்டும் வரிசையாக வந்தன. சிலேட்டில் ஒரு கூட்டல் எழுதிக் கொடுத்தார். ஒச்சம்மா ஒன்றுகளின் பக்கத்தைக் கூட்டி எழுதினாள். "கையில ஒன்னு" என்றாள். தரையில் கிடந்த ஒரு புளியமுத்தை எடுத்து, கட்டிலின் மேலே தலையணை இருந்த பக்கமாக நீட்டினாள். நீட்டிய கை அங்கேயே நின்றது. வாங்க ஆள் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள்.

அப்போதுதான் சீனியம்மாளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் தான் நடத்தியது இரண்டு பிள்ளைகளின் வகுப்பு அல்ல. இரண்டையும் சேர்த்து ஒரு பிள்ளையைப் படிக்கவைத்திருக்கிறாள். அதில் பாதியைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்திருக்கிறாள். மீதி இதோ கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். காரியம் நடந்த நாட்களில்கூட அவள் அப்படி அழவில்லை.

"மூனாம் வகுப்புல சேக்க முடியாதுக்கா" என்றார் ராமக்காள் மெதுவாக. "ஒன்னாம் வகுப்புலதான் போடச் சொல்வாக. பெரிய டீச்சர்ட்ட ஒரு வாரம் தவணை கேட்டுப் பாக்கிறேன். அதுக்குள்ள இவ முழுசாப் படிக்கணும். அதை நான் பண்ண முடியாது. நான் சொன்னா இவ கேக்க மாட்டா. அது அண்ணன் வரிங்கிறா."

டீச்சர் போனபின் சீனியம்மாள் முகம் கழுவினாள். புத்தகத்தை எடுத்து மகளுக்கு முன்னால் வைத்தாள்.

"மொத வரியப் படி."

"மாட்டேன்."

"படிடி."

"நான் படிச்சுட்டா அவனுக்கு வரி இருக்காதும்மா."

அறைந்தாள். அறைந்த கையாலேயே இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அவன் எனக்கும் புள்ளதான்டி. படி. நீ படிச்சாத்தான் டீச்சரு சேத்துக்கிருவாக."

அந்த வாரம் முழுக்க அது நடந்தது. ஒச்சம்மா அழுவாள், வாயை இறுக்கிக்கொள்வாள், ஒரு எழுத்து சொல்வாள், நிறுத்துவாள். அவள் மூச்சு நன்றாகத்தான் இருந்தது. அண்ணனுக்கு மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் அவளும் நிறுத்தினாள். அந்த மௌனத்தில் சோணைமுத்து இருந்தான். சீனியம்மாளுக்குத்தான் தெரியும், அவனை அந்த வீட்டில் இனி வேறெங்கும் காண முடியாது என்று. அதையும் அவளே வரி வரியாக அடைத்துக்கொண்டு வந்தாள். "நிப்பாட்டாத. மேல போ. மேல போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சீனியம்மாள் அடுப்படியில் இருந்தபோது, குளத்துப் பாடம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே குரலில், நிற்காமல் வந்தது. ஒச்சம்மா முடித்துவிட்டு, "சரியாம்மா?" என்று கத்தினாள்.

"சரிதான்" என்றாள் சீனியம்மாள். அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஒச்சம்மாவை இரண்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்கு வெகு முன்பே சீனியம்மாள் கேட்டுக்கு எதிரில் போய் நின்றாள். அழுதிருப்பாளோ, யாரும் பக்கத்தில் சேர்த்திருக்க மாட்டார்களோ, பேசாமல் மூலையில் கிடந்திருப்பாளோ என்று மனம் கிடந்து அடித்தது.

பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்து விழுந்தார்கள். நடுவில் ஒச்சம்மா. பக்கத்தில் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண். ஒச்சம்மா கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னது விழுந்து விழுந்து சிரித்தது.

அம்மா நிற்பதை அவள் கவனிக்கவில்லை. சீனியம்மாள் கூப்பிட வாயெடுத்துவிட்டு, கூப்பிடவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே நடந்தாள்.

காளவாசல் முக்கில் ஒரு டவுன்பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. பின்னாலிருந்து சீனியம்மாளின் கை தானாக முன்னே நீண்டது. அதற்குள் அந்தப் பல் விழுந்த பெண் ஒச்சம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டாள். பஸ் போனதும் இரண்டும் கைகோத்தபடி சாலையைக் கடந்து ஓடின.

சீனியம்மாள் இந்தப் பக்கம் நின்றாள். வண்டிகள் குறைந்ததும் அவளும் கடந்தாள்.